வேர் உண்ணும் வாயில்

உயிரணுச் சவ்வின் வழிப் போக்குவரத்தும், அதனை ஆராயும் இளைஞர் சபைகளும்

மணிமுக்தா, கோமுகி ஆறுகள் பிறக்கும் கல்வராயன் மலையின் அடிவாரத்தை அடுத்தது சங்கராபுரம். மலையினின்று இறங்கும் நீரையும் ஏரிகளையும் கிணறுகளையும் நம்பி நெல், கரும்பு, மக்காச்சோளம், மரவள்ளி முதலியன பயிராகும் இத்தகைய வட்டாரங்களில், மழைக்காலத்தில் மூன்று விதமான மஞ்சள் நிறத்தைக் குடியானவர் காணக்கூடும். தூர் கட்டிப் பசுமையாய் நின்ற நெற்பயிரில், இலை நுனியில் தொடங்கி ஓரங்களின் வழியே நெளிநெளியாய் இறங்கும் மஞ்சள் ஒன்று. வடிகாலின்றி நீர் தேங்கிய மக்காச்சோளக் கொல்லையில், இட்ட உரம் இட்டபடியே இருக்கப் பயிர் வெளுத்து நிற்பது மற்றொன்று. உவர்ப்பான கிணற்றுநீர் பாய்ந்த தாக்கில், நட்ட நாற்று வேர் பிடிக்காமல் இலை நுனி வெந்து காய்வது மூன்றாவது.

மூன்றையும் ஒன்றென எண்ணி, மூன்றுக்கும் ஒரே மருந்தாக யூரியாவை வீசுவது வழக்கமாகிவிட்டது. முதல் வயலில் அது நோயை வளர்க்கிறது. இரண்டாவதில் வீணாகிறது. மூன்றாவதில் உப்போடு உப்பைச் சேர்க்கிறது. பயிருக்குப் பசி என்று முடிவு செய்வதற்கு முன், பயிர் எவ்வாறு உண்கிறது என்பதை அறிந்துகொள்ளுதல் அவசியம். அவ்விஷயத்தில் கடந்த நூறு ஆண்டுகளில் அடைந்த அறிவு மிகப் பெரிது. அதில் கணிசமான பகுதி முப்பது வயதைத் தாண்டாத ஆராய்ச்சியாளர்களின் உழைப்பால் வந்தது.

சவ்வு என்பது யாது?

வேருக்கு வாய் இல்லை. ஆயினும் வேரின் ஒவ்வொரு உயிரணுவையும் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு உண்டு. அதுவே அதன் வாயும் வாயிற்காவலுமாகும். லட்சத்துக்கு மேற்பட்ட சவ்வுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் ஒரு மில்லிமீட்டர் கனமே தேறும். அது கொழுப்புப் பொருளாலாய இரட்டை அடுக்கு என்பதை 1925-இல் ஹாலந்து தேசத்தில் கோர்ட்டர், கிரெண்டல் என்னும் இருவர் எடுத்துரைத்தனர். எண்ணெய்ப் படலத்தின் ஊடே உப்பு கரைந்து செல்லாது என்பதை அடுப்பங்கரையிலேயே காணலாம். அப்படியாயின் பொட்டாசியமும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் உட்செல்லும் வழி யாது? சவ்வில் பதிந்துள்ள புரதங்களே அவ்வழி. ஒவ்வொரு புரதமும் ஒரு கதவு. ஒவ்வொரு கதவும் ஒருசில பொருள்களுக்கே திறக்கும்.

இதைக் கண்டறிய உதவியவற்றுள் ஒன்று குளத்துப் பாசி. நெல்வயல்களிலும் குளங்களிலும் நீருக்கடியில் படரும் காரா, நைடெல்லா என்னும் பாசியினங்களில், ஒரே உயிரணு இரண்டு மூன்று அங்குலம் நீண்டு வளரக்கூடியது. ஆகையால் அதன் சாற்றைத் தனியே எடுத்துச் சோதிக்கலாம். 1923-இல் கலிபோர்னியாவில் ஹோக்லாண்டும் டேவிஸும் அவ்வாறு செய்து, அது வாழும் நீரைக்காட்டிலும் சாற்றில் பொட்டாசியமும் குளோரைடும் பன்மடங்கு செறிந்திருக்கக் கண்டனர். நெல்வேரிலும் அப்படியே. மண்ணின் ஈரத்தில் கரைந்துள்ள பொட்டாசியத்தைப்போல் நூறு மடங்கும் அதற்கு மேலும் வேரின் உயிரணுவுக்குள் நிற்கிறது. பள்ளத்திலிருந்து மேட்டுக்கு நீர் தானே ஏறாது, இறைத்தாக வேண்டும். அவ்வாறே உப்பையும் சத்தையும் செறிவு குறைந்த இடத்திலிருந்து மிகுந்த இடத்திற்கு ஏற்றுவதற்குச் சக்தி செலவாகிறது.

அச்சக்தியைத் தருவது சவ்விலுள்ள ஒரு பம்பு. அது ஹைட்ரஜன் அயனிகளை இடைவிடாது வெளியே தள்ளுகிறது. மேல்நிலைத் தொட்டியில் ஏற்றிய நீர் குழாயைத் திறந்ததும் பாய்வதுபோல, வெளியே தள்ளப்பட்ட ஹைட்ரஜன் அயனிகள் உள்ளே திரும்ப முயலும்போது, நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உடன் இழுத்துக்கொண்டு கதவின் வழியே நுழைகின்றன. 1961-இல் பீட்டர் மிட்செல் என்னும் ஆங்கிலேயர் இத்தத்துவத்தை வெளியிட்டபோது பலரும் ஏற்கவில்லை. 1978-இல் அதற்கே நோபல் பரிசு கிடைத்தது. பம்பு ஓடுவதற்கு வேர் சுவாசிக்க வேண்டும். சுவாசத்திற்குப் பிராணவாயு வேண்டும். நீர் தேங்கிய மக்காச்சோளக் கொல்லை வெளுப்பதன் காரணம் இப்போது விளங்கும். உரம் மண்ணிலே உண்டு. ஆனால் மூச்சு முட்டிய வேரில் பம்பு நின்றுவிட்டது. அங்கு வேண்டுவது மூட்டை அன்று, மண்வெட்டி. வடிகால் வெட்டி, மண் காய்ந்து, வேர் மூச்சு விட்ட பின்னரே மேலுரம் இடத்தக்கது. நெற்பயிருக்கோ தண்டிலிருந்து வேர்வரை காற்றுப் போகும் குழல்கள் இயற்கையாகவே அமைந்துள்ளமையால் அது சேற்றிலும் உண்ணும்.

நீருக்கும் தனிக் கதவு உண்டு என்பது வெகுகாலம் ஐயமாகவே இருந்தது. 1992-இல் அமெரிக்காவில் பீட்டர் ஏகர், இரத்த அணுக்களில் வேறொன்றைத் தேடும்போது அகப்பட்ட ஒரு புரதமே அக்கதவு எனக் காட்டினார். மறு ஆண்டே செடிகளிலும் அது கண்டறியப்பட்டது. 2003-ஆம் ஆண்டின் ரசாயன நோபல் பரிசு அவருக்கும், பொட்டாசியக் கதவின் வடிவை 1998-இல் கண்டறிந்த ராடரிக் மக்கின்னனுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

இளைஞர்கள் கூடும் சபை

இத்தகைய ஆராய்ச்சி தனியொருவரின் அறைக்குள் முடிவதன்று. அமெரிக்காவில் நீல் கார்டன் என்னும் ரசாயனப் பேராசிரியர் 1931-இல் தொடங்கிவைத்த ஆராய்ச்சி மாநாடுகள் பின்னர் அவர் பெயராலேயே வழங்கலாயின. அங்கே ஒரு துறையில் உழைப்போர் சில நாட்கள் ஓரிடத்தில் தங்கி, இன்னும் அச்சேறாத முடிவுகளை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வர். கேட்டதை வெளியே எழுதுதலும், படமெடுத்தலும், பெயர் சொல்லி மேற்கோள் காட்டுதலும் அங்கு விலக்கு. அவ்விலக்கே பேச்சைச் சுதந்திரமாக்குகிறது.

அம்மாநாடுகளிலும் ஒரு குறை புலப்பட்டது. பெயர் பெற்ற பேராசிரியர்கள் முன்வரிசையில் இருக்க, பரிசோதனையைத் தம் கையால் செய்த மாணவர்கள் பின்வரிசையில் மௌனமாயிருந்தனர். ஆகவே மாநாட்டுக்கு முந்திய இரண்டு நாட்களில், அதே இடத்தில், இளைஞருக்கென்றே ஒரு கருத்தரங்கு நடத்தும் முறை ஏற்பட்டது. பட்ட ஆராய்ச்சி மாணவர்களும், பட்டம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆனவர்களுமே அதன் பேச்சாளர்கள். தலைமை வகிப்பவரும் அவர்களுள் ஒருவரே. சவ்வின் வழிப் போக்குவரத்து இவ்வாறு கருத்தரங்கு நடைபெறும் பொருள்களில் ஒன்றாகும். ஒருவர் தம் முடிவைக் கூறுவார். மற்றவர்கள், இதற்கு வேறு காரணம் இருத்தல் கூடாதோ, எதிர்ப் பரீக்ஷை செய்யப்பட்டதோ என்று கேட்பர். விடை தெரியாவிடின் தெரியவில்லை என்று சொல்வது அங்கு இழுக்கன்று. மூத்தவர் ஒருவர் தொண்டையைக் கனைத்தாலே இளையவர் வாயடைத்துப் போகும் சபைகளுக்கு இவ்வழக்கம் நல்ல மாற்று. இந்தியாவிலும் உயிரியல் துறையில் புதிதாய் ஆய்வகம் தொடங்குவோர் கூடும் கூட்டங்கள் 2009 முதல் நடத்தப்பட்டு வந்திருக்கின்றன.

இளமைக்கு இத்துறையில் இடமுண்டு என்பதற்குச் சான்றுகள் பல. 1939-இல் இங்கிலாந்தின் பிளிமத் கடற்கரையில், கணவாய் மீனின் நரம்புக்குள் கம்பியைச் செலுத்தி, சவ்வின் இருபுறத்து மின்னழுத்த மாற்றத்தை அளந்த ஹாட்ஜ்கினுக்கு வயது 25. அவருக்குத் துணையாயிருந்த ஹக்ஸ்லிக்கு 21.

சபையில் சொல்லிய ஒரு சொல் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. 1960 ஆகஸ்டில் பிராக் நகரில் சவ்வுப் போக்குவரத்தைக் குறித்து நடந்த கூட்டமொன்றில், ராபர்ட் கிரேன் என்பவர் குடலின் சவ்வில் ஒரு கதவு உண்டென்றும், சோடியமும் குளுக்கோஸும் இணைந்து வந்தால் அது இரண்டையும் உள்ளே கொண்டுசெல்லும் என்றும் முதன்முதலாகக் கூறினார். உப்பும் சர்க்கரையும் உட்சென்றால் நீரும் பின்தொடரும். வாந்திபேதியில் வற்றிப்போகும் உடலுக்கு உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய்வழியே கொடுக்கும் சிகிச்சைக்கு இதுவே விளக்கம். 1971-இல் வங்காள அகதிகள் குவிந்த பன்கான் முகாமில், ஊசிவழி ஏற்றும் மருந்து தீர்ந்துவிட்ட நிலையில், டாக்டர் திலீப் மகலநாபிஸ் இந்நீரைப் பாத்திரம் பாத்திரமாகக் கலக்கிக் கொடுத்தார். இறப்பு நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது. சங்கராபுரத்திற்கு வடக்கே வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும், எளிதில் செரிக்காத மாவுப்பொருளை அந்நீரில் சேர்த்தால் பேதி விரைவில் அடங்குகிறதென்பது ஆராயப்பட்டு 2000-இல் வெளியாயிற்று. கன்றுகளின் கழிச்சலுக்குக் கால்நடை மருத்துவர் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் இதே தத்துவத்தைச் சார்ந்ததே. வெறும் நீரைப் புகட்டுவதால் அப்பயன் கிட்டாது.

சர்க்கரைக் கதவும் இலைக்கருகலும்

இனி முதல் வயலுக்கு வருவோர், பயிரின் உணவை வேறொன்று தின்பதைக் காண்பர்.

இலையில் சமைந்த சர்க்கரை ஆங்கே தங்கினால் கதிருக்குப் பயனில்லை. அது உயிரணுவை விட்டு வெளியேறி, சாறு ஓடும் குழல்களில் ஏறி, கரும்பாயின் கழிக்கும், நெல்லாயின் மணிக்கும் சென்று சேர வேண்டும். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கு வண்டி வண்டியாகச் செல்லும் கரும்பின் சர்க்கரையனைத்தும் இவ்விதம் சவ்வுகளைக் கடந்து வந்ததே. வெளியேறும் கதவு எது என்பது நெடுநாள் தெரியாதிருந்தது. கலிபோர்னியாவில் உல்ஃப் ஃப்ராமர் என்பவரின் ஆய்வகத்தில், பட்டம் பெற்றுப் பயிற்சியிலிருந்த லி-சிங் சென் என்னும் பெண்மணியும் அவர் தோழர்களும், இன்ன வேலை என்று அறியப்படாத சவ்வுப் புரதங்களை ஒவ்வொன்றாக எடுத்து, குளுக்கோஸ் பட்டால் ஒளி மாறும் பொருளொன்றின் உதவியால் சோதித்தனர். 2010-இல் கதவு அகப்பட்டது. அக்குடும்பத்துக்கு 'ஸ்வீட்' என்று பெயரிட்டனர்.

அதே கட்டுரையில் மற்றொரு செய்தியும் இருந்தது. நெல்லின் பாக்டீரிய இலைக்கருகலை உண்டாக்கும் கிருமி, இக்கதவைத் திருட்டுச் சாவியிட்டுத் திறக்கிறது. கிருமி தன் புரதமொன்றை நெல்லின் உயிரணுவுக்குள் செலுத்துகிறது. அப்புரதம் நெல்லின் மரபுப் பொருளில் ஸ்வீட்-11 என்னும் கதவுக்குரிய பகுதியின் முகப்பில் சென்று ஒட்டி, வேண்டாத இடத்தில், வேண்டாத வேளையில், அக்கதவை ஏராளமாக உண்டாக்கச் செய்கிறது. சர்க்கரை வெளியே கசிய, வெளியே காத்திருக்கும் கிருமி அதை உண்டு பெருகுகிறது.

இதற்கு இயற்கையிலேயே ஒரு மாற்று இருந்ததுதான் வியப்பு. சில நெல்வகைகளில் எக்ஸ்.ஏ. 13 என்ற எதிர்ப்புக் குணம் உண்டென்பதை நெல் அபிவிருத்தி செய்வோர் முன்னமே அறிந்திருந்தனர்; அது ஏன் எதிர்க்கிறதென்பது தெரியாது. ஆராய்ந்தபோது, அது ஸ்வீட்-11 கதவின் முகப்பு மாறிய வடிவமே என்று 2006 முதல் வெளியான ஆராய்ச்சிகளால் விளங்கிற்று. கதவு இருக்கிறது, ஆனால் கள்ளச்சாவி பூட்டில் பொருந்துவதில்லை. கதவையே அகற்றிவிடலாகாதோ என்று கேட்கத் தோன்றும். ஆகாது. மகரந்தம் வளர்வதற்கு அக்கதவு இன்றியமையாதது. அதை நீக்கினால் பதரே மிஞ்சும்.

தமிழ்நாட்டில் பி.பி.டி. என்றும் ஆந்திரப் பொன்னி என்றும் வழங்கும் சம்பா மசூரி, 1986-இல் ஆந்திர தேசத்துப் பாபட்லாவில் வெளியிடப்பட்டது. சன்னரிசி, சந்தையில் நல்ல விலை, ஆனால் இலைக்கருகலுக்கு எளிதில் இரையாவது. ஹைதராபாத்தில் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையமும், நெல் ஆராய்ச்சி இயக்ககமும் சேர்ந்து, அதன் அரிசிக் குணம் மாறாதபடி எக்ஸ்.ஏ. 13, எக்ஸ்.ஏ. 5, எக்ஸ்.ஏ. 21 என்னும் மூன்று எதிர்ப்புக் குணங்களையும் வழக்கமான ஒட்டுமுறையாலேயே சேர்த்தன. மேம்படுத்திய சம்பா மசூரி எனும் அவ்விதை 2008-இல் வெளிவந்தது. மூன்று ஏன் எனின், கிருமியினங்களுள் சில ஸ்வீட்-11-ஐ விடுத்து ஸ்வீட்-13, ஸ்வீட்-14 என்ற பக்கத்துக் கதவுகளைத் திறக்கவும் கற்றிருக்கின்றன. ஒரே தாழ்ப்பாளை நம்பினால் ஏமாற நேரும்.

எதிர்ப்பற்ற ரகத்தைப் பயிரிட்டிருப்போர், முதலில் நோய் இதுதானா என்று தெரிந்துகொள்ள வேண்டும். கண்ணாடித் தம்ளரில் தெளிந்த நீரெடுத்து, நோயுற்ற இலையைக் குறுக்கே வெட்டி, வெட்டுவாய் நீரில் படும்படி நிறுத்தினால், சிறிது நேரத்தில் கலங்கலான இழை அதினின்று கீழிறங்கும். அது கிருமித் திரள். இழை காணப்படாவிடின் துத்தநாகக் குறை முதலிய வேறு காரணங்களைத் தேடலாம். துத்தநாகக் குறையிலோ கதவு சரியாகவே இருக்கும்; களர்த்தன்மையால் மண்ணில் கட்டுண்ட துத்தநாகம் கதவண்டை வந்து சேர்வதில்லை. நடவுக்குமுன் எக்டருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலுடன் கலந்து தூவுவது அதற்குரிய பரிகாரம்.

இழை கண்ட வயலில் யூரியாவை உடனே நிறுத்துக. தழைச்சத்து மிகுந்த இளந்தாளில் கிருமி கொழுக்கும். அவ்வயலின் வடிநீரை அடுத்த வயலுக்கு விடலாகாது. நூற்றுக்கு 20 பங்கு பசுஞ்சாணக் கரைசலை வடிகட்டி இருமுறை தெளிக்கும்படி வேளாண்மைப் பல்கலைக்கழகம் சிபாரிசு செய்திருக்கிறது. நாற்றின் நுனியைக் கிள்ளி நடும் வழக்கத்தை அறவே விடவேண்டும். கிள்ளிய ஒவ்வொரு நுனியும் கிருமிக்கு ஒரு திறந்த வாசல்.

உப்பை நிறுத்தும் கதவு

மூன்றாவது வயலின் கதை வேறு. பொட்டாசியமும் சோடியமும் குணத்தில் நெருங்கியவை. செடிக்கோ முன்னது உணவு, பின்னது மிகுந்தால் நஞ்சு. 1961-இல் கலிபோர்னியாவில் எமானுவேல் எப்ஸ்டைன் என்பவர், வேரைச் சுற்றி சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியம் போதிய அளவு இருந்தால்தான் சவ்வு இவ்விரண்டையும் பிரித்தறிகிறதென்று காட்டினார். களர் நிலத்துக்கு ஜிப்சம் இடுவதன் பயன் இதனால் இரட்டிப்பாகிறது. மண்ணைப் பிடித்துள்ள சோடியத்தை அது பெயர்த்து வெளியேற்றும். வேரின் காவலையும் உறுதியாக்கும். ஆனால் பெயர்ந்த சோடியம் வயலைவிட்டு வடிய வழி வேண்டும். வடிகாலின்றி ஜிப்சம் கொட்டுதல், குப்பையைப் பெருக்கிக் கதவோரத்திலேயே குவிப்பது போன்றது. ஜிப்சத்தின் அளவை மண் பரிசோதனை சொல்லும். ஊகத்தால் இடுவது பணநஷ்டம். நீர் தேக்கி வடித்தபின் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவது மரபாய் வந்த நல்ல முறை. களரல்லாத வெறும் உவர் நிலத்திற்கு ஜிப்சம் தேவையில்லை. நல்ல நீரைத் தேக்கி உப்பைக் கழுவி வடித்தலே போதும். இரண்டையும் ஒன்றாகக் கருதிச் செலவு செய்தவர் பலர்.

உப்பைத் தாங்கும் நெல்வகைகள் இந்தியாவிலேயே உண்டு. கேரளத்துப் பொக்காளியும் வங்காளத்து நோனா போக்ராவும் கடலோர உவர்நீரில் வளர்ந்தவை. நோனா போக்ரா எப்படித் தாங்குகிறதென்பதை 2005-இல் சீன ஆராய்ச்சியாளர் கண்டனர். வேரிலிருந்து இலைக்கு ஏறும் சாற்றில் கலந்துவிட்ட சோடியத்தை, வழியிலேயே வாங்கித் திரும்ப உள்ளே அடைக்கும் ஒரு கதவு அதில் திறமையாய் வேலை செய்கிறது. ஆதலால் உப்பு இலைக்குப் போய்ச் சேர்வது குறைகிறது. எத்தனையோ தலைமுறைக் குடியானவர்கள் காரணம் அறியாமலேயே காப்பாற்றி வந்த விதையில் இக்கதவு இருந்தது. தமிழ்நாட்டில் களர் நிலத்திற்கென, திருச்சிராப்பள்ளி அன்பில் தர்மலிங்கம் வேளாண்மைக் கல்லூரியில் உருவாக்கிய டி.ஆர்.ஒய். ரகங்கள் பயிரிடத்தக்கவை.

இலைக்கருகலின் பக்கம் ஆராய்ச்சி இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது. 2019-இல், ஸ்வீட்-11, 13, 14 ஆகிய மூன்று கதவுகளின் முகப்பையும் ஒருங்கே திருத்திய நெல்லும், ஒரு வட்டாரத்துக் கிருமி எக்கதவைத் திறக்கிறதென்று கண்டறியும் சோதனைச் சாதனங்களும் வெளியிடப்பட்டன. இத்தகைய சோதனைக்கு வயலிலிருந்து இலை வேண்டும். சந்தேகமுள்ள இலைகளை வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கொடுப்போர், ஈரம் துடைத்துக் காகித உறையில் இடுக. பிளாஸ்டிக் பையில் இட்டால் வியர்த்து அழுகும். உறையின்மேல் ஊர், நெல் ரகம், நடவு செய்த தேதி, இதுவரை இட்ட உரங்களின் அளவு ஆகியவற்றை எழுதுதல் வேண்டும்.